ஓரம் அண்ணாச்சியின் இரண்டாவது காது

கேரளத்தில் எத்தனை மந்திரிகள் வந்து போயிருந்தாலும், அத்தனை பேரோடும் ஒரே ஃப்ரேமில் நின்ற மனிதர் ஒருவர்தான். ஆரியசாலையில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் தெருவின் 'ஓரம்' அண்ணாச்சி. ஆனால் அவர் முகத்தை டிவியில் முழுசாகப் பார்த்தவர் திருவனந்தபுரத்தில் ஒருவரும் கிடையாது. வலது காது தெரியும். அதை ஒட்டிக் கால்வாசி மீசை தெரியும். நல்ல வெளிச்சம் உள்ள நாளாக இருந்தால் வலது கண்ணும் தெரியும். அதற்குள் திரை முடிந்துவிடும்.

அண்ணாச்சி சும்மா ஒரு வியாபாரி மட்டுமல்ல, எங்கள் வார்டு கவுன்சிலரும்கூட. நாஞ்சில் நாட்டுக் குடும்பம். கட்சியின் பெயர் வேண்டாம். அது அவ்வளவு சின்னக் கட்சி, அதில் இருப்பவர்களுக்கே சில சமயம் மறந்துபோகும். அவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுத எனக்கு விஷயம் நிறைய உண்டு. ஏற்கனவே ஒருமுறை எழுதினேன். அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அவருடைய தொழில்நுட்பத்தைச் சொல்லிவிடுகிறேன். மந்திரி வரும் இடத்தில் கூட்டம் முண்டியடிக்கும். அண்ணாச்சி யாரையும் இடிக்கமாட்டார், தள்ளமாட்டார். வெள்ளைச் சட்டையும் மடிப்புக் கலையாத வேட்டியுமாக வந்து, மந்திரியின் இடது கைப்பக்கம் சும்மா நிற்பார். அவ்வளவுதான். காலை முழுக்க வத்தல் சாக்குகளுக்கு நடுவில் இருந்துவிட்டு வந்த சட்டை அது. ஒருவர் தும்முவார். அடுத்தவர் தும்முவார். மாவட்டத் தலைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நகர்வார். இடம் தானாகப் பிறக்கும்.

கேமராமேன்களுக்கும் அவரைத் தெரியும். "சேட்டா, கொறச்சு மாறி நில்க்குமோ?" என்று கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள்.

"மாறித்தான் மோனே நிக்கேன்" என்பார் அண்ணாச்சி, ஓர் அங்குலமும் அசையாமல். அவர்களும் விடாமல் மந்திரியை நெருக்கிப் பிடித்து அண்ணாச்சியைக் காதோடு வெட்டுவார்கள். மலையோரத்து விதுராவில் யானை இறங்கி வாழையை அழித்ததைப் பார்க்க மந்திரி போனபோது, ஆரியசாலைக் கவுன்சிலருக்கு அங்கே என்ன வேலை என்று யாருக்கும் புரியவில்லை. இரவு ஏழு மணிச் செய்தியில் ஒடிந்த வாழையும் மந்திரியும் அந்தக் காதும் வந்தன.

எனக்கும் இது வெறும் டிவி ஆசை என்றுதான் தோன்றியது, எங்கள் வீட்டுக் குழாயில் இரண்டு வாரம் தண்ணீர் வராமல் போகும்வரை. அம்மாவின் திட்டுத் தாங்காமல் அண்ணாச்சியிடம் போனேன். அவர் சம்பந்தப்பட்ட அதிகாரிக்குப் பத்துத் தடவை ஃபோன் செய்தார். எடுக்கவில்லை.

"நாளைக்குப் பழவங்காடிக்கு மந்திரி வாறாரு மக்கா. நீ நாளன்னைக்கு வா" என்றார்.

மந்திரியிடம் மனு கொடுப்பார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் போனபோது அண்ணாச்சி ஃபோனில் இருந்தார். இந்தமுறை அதிகாரி எடுத்திருந்தார். "சாரே, நேத்து நியூஸ் பாத்தேளா? மந்திரிக்கப் பக்கத்துல நின்னது ஆருன்னு மனசிலாயோ? ஆமா, நான்தான். அந்தக் குழாய்க் காரியம் என்னாச்சு?"

சாயங்காலம் தண்ணீர் வந்தது. சரிபார்க்க அண்ணாச்சியே வீட்டுக்கு வந்தார். "மந்திரிகிட்ட என்ன கேட்டீங்க அண்ணாச்சி?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கலியே. வணக்கம்னு சொன்னேன். அவரு தும்மினாரு." பிறகு தன் வலது காதைத் தொட்டுக் காட்டினார். "இது எனக்க சீலாக்கும், கேட்டியா. முத்திர. டிவில இது விழுந்தாத்தான் ஆபீஸ்ல பேப்பர் நகரும்."

அம்மா காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். கவுன்சிலராக இருக்கும்வரை வார்டில் யார் வீட்டிலும் கை நனைப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் தெருவில் சாக்கடை ஓடை அடைக்காமல் ஓடியதும், விளக்கு எரிந்ததும், தண்ணீர் வந்ததும் அந்த ஒரு காதின் புண்ணியத்தில்தான்.

இப்படிப்பட்டவரின் முழு முகமும் திரையில் வர ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. எங்கள் தெருவில் ஒரு மலையாளப் படத்தின் ஷூட்டிங். கூட்டத்தில் நின்ற அண்ணாச்சியைப் பார்த்து டைரக்டர் சொக்கிப்போனார். அரசியல்வாதி என்றால் இந்த மீசைதான் என்று முடிவு செய்துவிட்டார். வசனம்கூடக் கிடையாது. வில்லன் ஒரு கவரை நீட்டுவான். கவுன்சிலர் அதை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துச் சிரிக்கவேண்டும். தெருவே கடையை அடைத்துவிட்டுப் பார்க்க வந்தது.

முதல் டேக்கில் வில்லன் கவரை நீட்டினான். அண்ணாச்சி கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு அதை அவன் பக்கமே தள்ளிவிட்டார்.

"கட்! சேட்டா, கவர் வாங்கணும்" என்றார் டைரக்டர்.

இரண்டாவது டேக்கில் வாங்கினார். வாங்கி, "இத ஆபீஸ்ல அடச்சு ரசீது வாங்கிக்கிடும்" என்று வில்லனிடமே திருப்பிக் கொடுத்தார். மூன்றாவதில், எதிர்பாராத விதமாகக் கவர் கைநழுவிக் கீழே விழுந்தது. நான்காவதிலும் எதிர்பாராத விதமாக விழுந்தது. பதினேழாவது டேக்கில் வில்லன் தும்ம ஆரம்பித்திருந்தான். டைரக்டர் கும்பிட்டேவிட்டார். "சேட்டா, இது வெறும் அபிநயமல்லே? ஆக்டிங்!"

"ஒனக்கு அபிநயம். எனக்கு நாளைக்கு இதே தெருவுல ஓட்டு கேட்டு நடக்கணும். படத்துல வாங்கினவன் நெஜத்துல வாங்கமாட்டானான்னு எவனாவது கேட்டா, உன்ன எங்க போயித் தேட?"

கடைசியில் டீக்கடைக்காரர் அந்த வேடத்தில் நடித்தார். ஒரே டேக்கில் கவரை வாங்கிச் சட்டைப்பையில் வைத்து அற்புதமாகச் சிரித்தார். உள்ளே வெறும் பேப்பர்தான் என்று தெரிந்தும், கவரைத் திருப்பித் தர அவருக்கு மனம் வரவில்லை.

அன்று அண்ணாச்சி கடைக்குத் திரும்பும்போது சொன்னார். "சினிமால வாற அரசியல்காரனப் பாத்தியா மக்கா? கவர் வாங்குவான், கார்ல ஏறுவான், கடைசில குத்துப்பட்டுச் சாவான். ஒருத்தனாவது ஒரு ஓடைக்குள்ள எட்டிப் பாக்கானா?" நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பதினேழு டேக்கையும் நின்று பார்த்தவன் நான்.

அப்போது எனக்கு ஒரு மலையாளச் சேனலில் வேலை. வாராவாரம் அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்யும் நிகழ்ச்சி. எழுத மூன்று பேர் இருந்தோம். அடுத்த மாதத்திலிருந்து இரண்டு பேர் போதும் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு யோசனையும் ஓடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்தபோது, அண்ணாச்சியின் காது ஞாபகம் வந்தது.

'சைடு சேட்டன்' என்று பாத்திரத்துக்குப் பெயர் வைத்தேன். அதே மீசை, அதே வேட்டி, பக்கத்தில் வருகிறவரெல்லாம் தும்முவது, எதையும் விடவில்லை. நிகழ்ச்சி பிய்த்துக்கொண்டு ஓடியது. என் வேலை நிலைத்தது. அண்ணாச்சிக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவரோ கடை டிவி முன்னால் சுமைதூக்கும் தொழிலாளிகள் எல்லோரையும் உட்காரவைத்துக் காட்டினார்.

"முழு மூஞ்சியும் காட்டுறானுவடே! ஆளு என்னக் காட்டிலும் கொஞ்சம் குண்டு. மீச செரியாயிருக்கு!" என்று சிரித்தவர், என் பக்கம் திரும்பினார். "ஒனக்க சேனல்தானே மக்கா? இத எழுதுனவன் ஆரு? என்ன நல்லாத் தெரிஞ்சவனாக்கும்."

"எல்லாரும் சேர்ந்து எழுதுறது அண்ணாச்சி. இன்னார்னு இல்ல" என்றேன். நல்ல வார்த்தைதானே சொல்கிறார், நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தேர்தல் வந்தது. தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, ஓட்டுக் காலத்தில் சைடு சேட்டன் வெறுமனே ஓரத்தில் நின்றால் போதாது, ஏதாவது ஊழல் செய்தாகவேண்டும் என்றார். நான் பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தேன். குழாயில் தண்ணீர் வராத ஒரு வீடு. சைடு சேட்டன் வருகிறார். அந்த வீட்டுக்காரி ஒரு கவரை நீட்டுகிறாள். அவர் வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துச் சிரிக்கிறார். பிறகு காதைத் தொட்டு, "இது எனக்க சீலாக்கும்" என்கிறார். அந்த வரியை மட்டும் தமிழிலேயே விட்டுவைத்தேன், சிரிப்புக் கூடுதலாக வரும் என்று. பதினேழு டேக்கிலும் அவர் வாங்காத கவரை, நான் ஒரே டேக்கில் அவர் சட்டைப்பையில் வைத்தேன்.

அந்த வரியைச் சொல்லும் ஆள் உலகத்தில் ஒருவர்தான் என்று வார்டு முழுக்கத் தெரியும். மறுநாளே அந்தத் துண்டு எல்லார் ஃபோனிலும் வந்துவிட்டது. அண்ணாச்சி ஓட்டுக் கேட்டுப் போன வீடுகளில் அவரைக் கண்டதும் வேண்டுமென்றே தும்மினார்கள். "கவுன்சிலரே, கவர் ரெடியாக்கணுமா?" என்று ஒருவர் மாடியிலிருந்து கேட்டார். முதல் வீட்டில் அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்தாராம். மூன்றாவது தெருவில் சிரிப்பதை நிறுத்திவிட்டார் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். நான் கூடப் போகவில்லை.

தோற்றார். முடிவு வந்த அன்று மத்தியானம் கடை வாசலில் உட்கார்ந்து வத்தலில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். டிவி அணைந்திருந்தது. நான் எதிர்ச்சாரியில் ஃபோனில் பேசுவதுபோல நடந்து போனேன். ஃபோனில் யாரும் இல்லை. அதற்குப்பின் பல மாதம் பஸ் பிடிக்கப் பின்சந்து வழியாகத்தான் போனேன்.

போன வருஷம் இன்னொரு சேனல்காரர்கள் என்னைப் பேட்டி எடுக்க வந்தார்கள். எழுத்தாளனை அவன் தெருவிலேயே காட்டவேண்டுமாம். சிவப்பாக வத்தல் சாக்கு இருப்பது அழகாக இருக்கிறது என்று நேராக அண்ணாச்சி கடை முன்னால் கேமராவை வைத்துவிட்டார்கள். அண்ணாச்சி அதைப் பார்த்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, கேமராவில் விழாதபடி உள்ளே நகர்ந்தார். கேமராவைப் பார்த்து அவர் விலகியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

உள்ளே போனேன். "அண்ணாச்சி, வாங்க. எம்பக்கத்துல நில்லுங்க."

"வேண்டாம்டே. நான் நின்னா ஒனக்குப் பேரு கெட்டுப்போவும்."

கேமராவுக்கு முதுகு காட்டி நின்று சொன்னேன். "அண்ணாச்சி, அந்தக் கவர் சீனை எழுதினது நான்தான்."

"தெரியும் மக்கா. கடைசில பேரு ஓடுச்சுல்லா. மொத வாரமே பாத்தாச்சு." வத்தல் தூசியைக் கையிலிருந்து தட்டினார். "அன்னைக்கு ஆரு எழுதுனதுன்னு கேட்டது, நீயாச் சொல்லுவேன்னுதான்."

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தார். "செரி, நான் வாறேன். புது கவுன்சிலர் நல்ல பையன்தான், ஆனா டிவில வரமாட்டான். அதனால ஆபீஸ்ல ஒருத்தனும் அவனுக்கு ஃபோன் எடுக்கல. ஓடை அடச்சுக் கெடக்கு. அதையும் சேத்துக் காட்டச் சொல்லு. பின்ன..." கொஞ்சம் தயங்கினார். அவர் தயங்கி நான் பார்த்ததே இல்லை. "அந்தக் கவர நான் வாங்கலைன்னு ஒரு வார்த்த சொல்லுவியா?"

"சொல்றேன் அண்ணாச்சி."

ஓடையையும் எடுக்கச் சொன்னேன். கேமரா ஓடியது. அண்ணாச்சி என் இடது கைப்பக்கம் வந்து நின்றார். பேட்டி எடுத்த பெண் அரைமணி நேரம் என்னைப் புகழ்ந்துவிட்டு, "கிண்டலாக எழுதியதற்காக எப்போதாவது வருத்தப்பட்டதுண்டா?" என்று கேட்டாள். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அருகில் வத்தல் நெடி. நான் வாயைத் திறந்தேன். "அரசியல்வாதிகள்தான் எங்களைப் பார்த்து வருத்தப்படவேண்டும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பேட்டி முடிந்தது.

அண்ணாச்சி அசையாமல் நின்றிருந்தார். கேமராவைக் கழற்றியபிறகு என் தோளைத் தட்டினார். "போட்டும் மக்கா. ஓடையக் காட்டினானுவல்லா."

ஒளிபரப்பான பேட்டியில் நான் நடுவில் இருந்தேன். ஓடை இரண்டு விநாடி வந்தது. வலது ஓரத்தில் ஒரு காது. மறுநாள் அண்ணாச்சியே எனக்கு ஃபோன் செய்து சந்தோஷமாகச் சொன்னார். "அந்த ஆபீஸர் மூணாவது ரிங்குல எடுத்தான்டே! ஆள் அனுப்புறானாம்."

"நான் சொல்லலியே அண்ணாச்சி" என்றேன்.

"வாயால சொல்லுகது கஷ்டம்டே. நீ எழுதுறவன்லா. எழுது."

எழுதுகிறேன். அவர் கவர் வாங்கவில்லை. எந்தக் காலத்திலும் வாங்கியதில்லை. எங்கள் வீட்டில் ஒரு வாய் காப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை. வாங்கினார் என்று எழுதியவன் நான், என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள. இதையே மலையாளத்தில் எழுதி அந்தப் பழைய சேனலுக்கும் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

இந்தக் கட்டுரையோடு என் படத்தைப் போடப் பத்திரிகை ஆசிரியர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி வேறு படம் அனுப்பினேன். என் ஃபோனில் நானே எடுத்தது. எடுத்து முடிப்பதற்குள் மூன்று முறை தும்மிவிட்டேன். மேலே பாருங்கள். பக்கத்தில் மந்திரி யாரும் இல்லை. நடுவில் நிற்பவர்தான் எங்கள் அண்ணாச்சி. காது இரண்டும் இருக்கிறது.