ஈசான்ய மூலைக் காற்று

பொம்மனஹள்ளி,
12.8.2003

மரியாதைக்குரிய மச்சான் பாலசுப்ரமணியன் அவர்களுக்கு, ஸ்ரீகண்டன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை மங்களமும் மகள் சௌம்யாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கேயும் எல்லாரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மங்களம் என்னோடு பேசி எட்டு நாள் ஆகிறது. அவள் போன் செய்து வேறு மாதிரி சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். என் வேலை உங்களுக்குத் தெரியும். புதுக் கட்டடங்களில் கெட்ட காற்று வெளியே போகிறதா, நல்ல காற்று உள்ளே வருகிறதா என்று சோதித்து எழுதிக் கொடுப்பது. நான் கையெழுத்துப் போடாமல் அங்கே யாரும் குடிவர முடியாது. இவ்வளவு அதிகாரம் உள்ளவனால் சொந்த வீட்டில் ஒரு டம்ளர் காபி கேட்டு வாங்க முடியவில்லை.

ஓசூர் ரோட்டில் ஒரு நாலு மாடிக் கட்டடம். இரண்டாவது மாடியில் கால் சென்டர் வரப்போகிறது, சுற்றிலும் கண்ணாடி, ஒரு ஜன்னலையும் திறக்க முடியாது. நான் போன அன்று கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, மூலையில் எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, புகை போகும் திசையைப் பார்ப்பதற்காக ஏணியில் ஏறி அதன் வாயருகே ஊதுவத்தி பிடித்தேன், அதைப் பார்த்த பெயிண்டர்கள் பூஜை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக வந்து நின்றார்கள், ஒருவர் பிரசாதம் எங்கே என்றுகூடக் கேட்டார், ஆனால் புகை வெளியே போகவில்லை மச்சான், நேராக என் முகத்துக்கு வந்தது, கூடவே டீசல் நாற்றம், இருமிக்கொண்டே எட்டிப் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டரின் புகைக்குழாய். சைட் இன்ஜினியர் உத்தமனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஈசான்ய மூலை சார். அங்கேருந்து எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு வாஸ்துக்காரர் சொல்லிட்டாரு. லட்சுமி உள்ள வரட்டும்னு ஓனரு ஃபேனைத் திருப்பி மாட்டச் சொன்னாரு."

லட்சுமி வருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. புகையும் சேர்ந்து வருகிறது, எண்பது பிள்ளைகள் நாள் முழுக்க அங்கே உட்காரப்போகிறார்கள், கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதோடு வந்திருக்கலாம். டீ குடிக்கும்போது, சௌம்யா கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருப்பதை உத்தமனிடம் உளறித் தொலைத்தேன். மறுநாளே ஓனர் ஒரு கிலோ மைசூர்பாகோடு வீட்டுக்கு வந்துவிட்டார். கையெழுத்துப் போட்டால் சௌம்யாவுக்கு அதே கால் சென்டரில் வேலை, தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று மங்களத்தின் காதுபடவே சொன்னார்.

முடியாது என்றேன். மங்களம் மைசூர்பாகைத் திருப்பிக் கொடுக்கவில்லை, பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். எனக்குத் தாங்க முடியாதது சௌம்யா செய்ததுதான். பேப்பரில் வேலை விளம்பரப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். கழுத்தை அறுத்தாலும் அந்தத் தாளில் என் கை படாது மச்சான். நீங்கள் மூத்தவர், உங்கள் தங்கைக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல காற்றோடும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்ரீகண்டன்

பின்குறிப்பு (14.8.2003): கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. மங்களத்திடம் எதுவும் பேச வேண்டாம். நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சௌம்யா திங்கட்கிழமை வேலைக்குச் சேருகிறாள். ஃபேனைப் பழையபடி வெளிப்பக்கமாக மாட்டச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன், ஓனர் கேட்கவில்லை. ஆனால் என்மேல் உள்ள மரியாதைக்காக அவளுக்கு விசேஷமான இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறாராம், ஈசான்ய மூலையில்.