பதினெட்டு லிட்டருக்கு ஒரு பாத்திரம்

"என் பானையில கைய வைக்காதேன்னு எத்தனை தடவைடா சொல்றது?"

"கைய வைக்கலக்கா. கால வச்சேன். மிதிச்சுத்தான் பிழியணும்னு சார் சொன்னார்."

"காலா? அடப்பாவி! நாளைக்கு அதுல சமைக்கணுமேடா!"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் இறங்கினேன்."

"பானையையா, காலையா?"

இரண்டாம் மாடியில் இந்தச் சண்டை கிளம்பியபோது ஞாயிற்றுக்கிழமை காலை மணி எட்டு. அந்தக் குடியிருப்பில் சுவர்கள் மெலிசு. யாரும் காதை ஒட்டவைத்துக் கேட்க வேண்டியதில்லை. வாசலில் செருப்பைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் குனிந்து நின்றால் போதும்.

பானையில் கால் வைத்தவருக்கு நாற்பத்தெட்டு வயது. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். தெருவில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். நடை நேர், பேச்சு நேர், சட்டைப்பையில் எப்போதும் ஓர் அளவு நாடா. வீட்டில் நாற்காலி இரண்டங்குலம் நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அதனாலேயே விருந்தாளி என்று ஒருவரும் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. வந்தால் நாற்காலி நகருமே!

கத்தியவர் அவருடைய அக்கா. மூன்று வயது மூத்தவர். சமையல், துணி, வீடு எல்லாம் அவர் பொறுப்பு. வெளிச்சாப்பாடு தம்பிக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் தினமும் மதியம் அலுவலகத்துக்கே டப்பாவோடு போய்வருவார். அந்தக் காலத்தில் அக்காவுக்கு வரன் வராமல் இல்லை. ஒருவருக்கு உயரம் போதவில்லை என்றார் ஸ்கேல். இன்னொருவர் வீடு பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மூன்றாமவருக்கு என்ன குறை என்று ஸ்கேலுக்கே இப்போது நினைவில்லை.

இப்படிப்பட்டவர் எதற்காகத் திராட்சை மிதித்தார் என்றால், பதவிக்காக. அலுவலகத்தில் தலைமை வரைவாளர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு இரண்டே பேர்: ஸ்கேல், அல்லது அவருடைய எதிர்மேசைக்காரர். யார் என்று எழுதி அனுப்ப வேண்டியவர் மேலதிகாரி. மனைவி இறந்து ஆறு வருடமான, சாதுவான மனிதர். அவர்தான் வெள்ளிக்கிழமை ஸ்கேலைக் கூப்பிட்டு மேசைமேல் இரண்டு பெட்டிகளைக் காட்டினார்.

"என் தோட்டத்துத் திராட்சை. நீங்கதான் எதையும் அளந்து செய்யற ஆளாச்சே. வீட்ல ஒயின் போட்டுப் பாருங்க. எப்படி வருதுன்னு நான் அப்பப்ப வந்து பாத்துக்கறேன்."

இது பரீட்சை என்று ஸ்கேலுக்கு உடனே புரிந்துவிட்டது. எதிர்மேசைக்காரருக்கு ஒரு பெட்டிகூடக் கிடைக்கவில்லை என்பதும் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து அவர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல அலைய ஆரம்பித்தார்.

ஞாயிறு பத்து மணிக்கு மேலதிகாரி வந்தார். பானையைப் பார்த்தார். விரலால் தட்டினார்.

"அலுமினியமா?"

"ஆமா சார். பதினெட்டு லிட்டர் சாறு. அளந்துட்டேன்."

"புளிப்பு அலுமினியத்த அரிச்சுடும். சாறு கெட்டுப்போறதுக்குள்ள வேற பாத்திரத்துக்கு மாத்திடுங்க. வியாழக்கிழமை வந்து பாக்கறேன்."

"பாத்திரம் போயிடுமா?" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் சீறியது. "என் பானைக்கு யார் சார் பொறுப்பு?"

மேலதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். பதவி போச்சு என்றே ஸ்கேல் நினைத்தார்.

அன்று மதியமே பிளாஸ்டிக் சாமான் கடை. உணவுக்கு உகந்த வாளி என்றால் அடியில் கோப்பையும் முள்கரண்டியும் அச்சடித்திருக்கும் என்று எங்கோ படித்திருந்தார். நாற்பது வாளிகளைக் கவிழ்த்துப் பார்த்தார். கடைக்கார அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"தண்ணி பிடிக்கவா, துணி ஊற வைக்கவா?"

"ஒயினுக்கு."

"வீட்ல நல்லா விசாரிச்சுக்கிட்டு வாங்க சார்."

கடைசியில் கிடைத்தது ஒரு வெள்ளை வாளி. இறுக்கமான மூடி. சரியாகப் பதினெட்டு லிட்டர். விரலளவு இடம்கூட வீணாகவில்லை. ஊற்றி மூடியதும் ஸ்கேலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! படத்தில் கடைசிக் கோடு போட்டவர்போல இருந்தார்.

புதன்கிழமை திராட்சைத் தோலெல்லாம் நுரையோடு மேலே எழும்பியது. மூடி மெல்லத் தூக்கிக்கொண்டது. சாறு சமையலறையைக் கடந்து, வாசலைக் கடந்து, படிக்கட்டில் இறங்கியது. அடியில் தரைத்தளத்தில் பல் டாக்டர் வைத்தியசாலை. வாசல் பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்தவர்கள் மேலேயிருந்து சிவப்பாக ஏதோ ஒவ்வொரு படியாக இறங்கி வருவதைப் பார்த்தார்கள். மூன்று பேருக்கு அந்த நிமிடமே பல்வலி போய்விட்டது.

"மூணுல ஒரு பங்கு காலியா விடணும்" என்றார் வியாழக்கிழமை வந்த மேலதிகாரி. "பொங்கறப்ப தோலுக்கு ஏற இடம் வேணாமா?"

"இத முன்னாடியே சொல்லியிருந்தா சார்..."

"செஞ்சு பாத்துக் கத்துக்கறதுதான் நிக்கும். பாத்திரத்த மாத்துங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

அக்கா காப்பியைக் கொண்டுவந்து மேசையில் ஓசையோடு வைத்தார். "ஞாயித்துக்கிழமை, வியாழக்கிழமை, மறுபடி ஞாயித்துக்கிழமை! காப்பிப்பொடி என்ன மரத்துலயா காய்க்குது?"

"காப்பி மரத்துலதாங்க காய்க்குது" என்றார் மேலதிகாரி பணிவாக.

"அக்கா!" என்று ஸ்கேல் கையைப் பிசைந்தார். அடுத்த தடவை மேலதிகாரி ஒரு பொட்டலம் காப்பிப்பொடியோடு வந்தார். என்ன பெருந்தன்மை என்று ஸ்கேல் அலுவலகம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அதற்குள் அவர் கணக்குப் போட்டிருந்தார். மூன்றில் ஒரு பங்கு காலி என்றால் இருபத்தேழு லிட்டர் வேண்டும். வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் நாலு நடை. பழைய சாமான் கடையில், உடைந்த தையல் மெஷினுக்கும் ஒற்றைக்கால் கட்டிலுக்கும் நடுவில், ஒரு பீங்கான் ஜாடி உட்கார்ந்திருந்தது. தொப்பை பெரியது, கழுத்து சின்னது. ஸ்கேல் நாடாவைப் போட்டார். வாய் ஒன்பது சென்டிமீட்டர். தன் கையை அளந்தார். எட்டரை. போதும்! வாடகை வண்டியில் மடியில் குழந்தைபோல வைத்துக்கொண்டு வந்தார்.

மேலே மிதக்கும் தோலைத் தினம் இரண்டு தடவை உள்ளே அழுத்திவிட வேண்டும். ஞாயிறு காலை அழுத்தும்போது கரண்டி நழுவி உள்ளே போனது. கையை விட்டார். எட்டரை சுலபமாகப் போனது. கரண்டியைப் பிடித்தார். பிடித்த கை பத்தரை ஆகும் என்பதை அவர் அளந்திருக்கவில்லை.

"கரண்டிய விட்டுட்டுக் கைய எடுடா!"

"விட்டா அடியில போயிடும்க்கா."

"போகட்டும்டா! என் கரண்டிதானே!"

"இப்பதானே கிடைச்சுது!"

அந்த நேரத்தில் மணி அடித்தது. மேலதிகாரி உள்ளே வந்தார். ஒரு பார்வையில் புரிந்துகொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டார். அவர் ஜாடியைக் கட்டிப்பிடித்தார். அக்கா தம்பியின் இடுப்பைப் பிடித்தார். இழுத்தார்கள். வரவில்லை. பிறகு மேலதிகாரி அக்காவுக்குப் பின்னால் வந்து நின்று இழுத்தார். வரவில்லை. பல் டாக்டர் மேலே வந்து, "எனக்கு இழுத்துப் பழக்கம் உண்டு" என்றார். அவரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் அக்காதான் தம்பியின் அக்குளில் ஒரு விரலை விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டினார். ஸ்கேல் கெக்கெக்கென்று சிரித்தார். கரண்டி விழுந்தது. கை வந்தது. நான்கு பேரும் தரையில் விழுந்தார்கள்.

மேலதிகாரி முதலில் எழுந்து ஜாடியின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். "உள்பூச்சுல விரிசல் விட்டிருக்கு. பழைய பூச்சுல ஈயம்கூட இருக்கலாம். இதுல ரொம்ப நாள் விடறது நல்லதில்ல."

"நீங்களே ஒரு பாத்திரம் வாங்கிக் குடுத்துட்டா ஊரே நிம்மதியா இருக்குமே சார்!" என்றார் அக்கா, கூந்தலை முடிந்துகொண்டே.

"நான் வாங்கித் தந்தா அவர் எப்பங்க கத்துக்கறது?"

ஸ்கேலுக்குத் தூக்கம் போனது. பதவிக்குப் பெயர் எழுதி அனுப்ப இன்னும் பத்தே நாள். எதிர்மேசைக்காரர் எந்தப் பாத்திரமும் இல்லாமல் நிம்மதியாக வரைந்துகொண்டிருந்தார். ஸ்கேலோ படம் வரையும்போது ஓரத்தில் ஜாடி ஜாடியாகக் கிறுக்கினார். ஒருநாள் ஒரு ஏரிக்குக் கழுத்தும் மூடியும் போட்டுவிட்டார்.

இனிக் கண்ணாடிதான் என்று முடிவாயிற்று. தோலை வடிகட்டியபின் சாறு பதினாலு லிட்டராகக் குறைந்திருந்தது. ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடையில் குறுகிய கழுத்துக் கண்ணாடிப் புட்டிகள் இருந்தன. பத்து லிட்டர் ஒன்று, நாலு லிட்டர் ஒன்று. எந்தக் கல்லூரி என்று கேட்டார்கள். "நில அளவை" என்றார். நிலத்தைப் புட்டியில் எப்படி அளப்பார்கள் என்று புரியாமலே கொடுத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை மேலதிகாரி திருப்தியாகத் தலையாட்டினார். "சபாஷ். இப்ப காலியா விடக் கூடாது. கழுத்து வரைக்கும் நிரப்பணும்."

"அன்னிக்குக் காலியா விடுன்னீங்களே சார்?"

"அது பொங்கற காலம். இது அடங்கற காலம். வெளிக்காத்து உள்ள போகவே கூடாது. அதனால..."

ஸ்கேல் அங்கே இருந்தால்தானே! அடைப்பான் கடை ஆறு மணிக்கு மூடிவிடும் என்று படியில் பாய்ந்துவிட்டார். அடைப்பானில் ஓட்டை போட்டு, குழாய் வைத்து, உள்ளே உண்டாகும் வாயு மட்டும் வெளியேற வழி செய்ய வேண்டும் என்ற மீதிப் பாடத்தை மேலதிகாரி அக்காவிடம் சொல்லி முடித்தார். அரைமணி நேரம் சொன்னார்.

அக்கா அதைத் தம்பியிடம் சொல்ல வாயெடுத்தார். ஸ்கேல் கேட்கவில்லை. "காத்து போகக் கூடாதுன்னா போகக் கூடாது!" சின்னப் புட்டியை மட்டும் அக்கா பிடுங்கிக்கொண்டு போய்க் குழாய் வைத்தார். பெரிய புட்டிக்கு ஸ்கேல் தக்கை அடித்து, மெழுகு ஊற்றி, சணல் கட்டி, அதன்மேல் ஒட்டுநாடா சுற்றினார்.

சனிக்கிழமை அலுவலகத்திலிருந்து புதுச்சாலை வரைபடத்தை வீட்டுக்கே கொண்டுவந்தார். மூன்று வார உழைப்பு. எதிர்மேசைக்காரருக்கு முன்னால் முடித்து நீட்டினால் பதவி உறுதி. மேசையில் விரித்தார். தாள் சுருண்டது. ஓரத்தில் கனமாக எதையாவது வைக்க வேண்டும். பெரிய புட்டியை வைத்தார்.

ஞாயிறு பத்தடிக்க ஐந்து நிமிடம். பட்டென்று ஒரு சத்தம். தக்கை கூரையில் மோதி, விளக்கை உடைத்து, அலமாரிக்குப் பின்னால் போனது. புட்டி சாய்ந்தது. பத்து லிட்டரும் புதுச்சாலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் பயணம் செய்தது.

மணி அடித்தது.

தலைமுடியிலிருந்து ஒயின் சொட்ட ஸ்கேல் கதவைத் திறந்தார். மேலதிகாரி கூரையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"சார், நான் எல்லாம் அளந்துதான்..."

"நீங்க துடைங்க. நான் உங்க அக்காகிட்ட கொஞ்சம் பேசணும்."

சமையலறைக் கதவு சாத்தப்பட்டது. இத்தனை நாள் உதவிய மெலிசுச் சுவர் அன்றைக்குப் பார்த்துக் கைவிட்டது. இருவரும் அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஸ்கேல் துடைத்தார். எழுந்தார். உட்கார்ந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். வேலையே போகப்போகிறதா, பதவி மட்டுமா?

கதவு திறந்தது.

"உங்க அக்காகிட்ட ஒண்ணு கேட்டேன். சரின்னுட்டாங்க."

"கறை எடுக்கற பொடியா சார்?"

"கல்யாணம்."

ஸ்கேல் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மறுமாதமே பதிவு அலுவலகத்தில் கையெழுத்து முடிந்தது. அக்கா கைப்பெட்டியும் அந்த அலுமினியப் பானையுமாகக் கணவர் வீட்டுக்குப் போனார். பதினான்கு கிலோமீட்டர். அதற்கு முன்பே, மச்சானாகப் போகிறவரின் பெயரை எழுதி அனுப்பினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று மேலதிகாரி எதிர்மேசைக்காரரின் பெயரை எழுதி அனுப்பியிருந்தார். தப்பித்த நாலு லிட்டர் ஒயினைக் கல்யாணத்தில் திறந்தார்கள். அருமையாக இருந்தது. எதிர்மேசைக்காரர் மூன்று கோப்பை குடித்தார். பல் டாக்டர் வேறு தெருவுக்கு இடம் மாற்றிக்கொண்டார். ஸ்கேல் இன்னும் மேலதிகாரியை "அத்தான் சார்" என்றுதான் கூப்பிடுகிறார்.

தனி வீடு, கருகிய சாப்பாடு, வரிசையாகக் காலிப் பாத்திரங்கள். ஸ்கேலால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பதவிதான் போயிற்று, ஒயினாவது ஒழுங்காக வரட்டும் என்று ஒருநாள் சாயங்காலம் தெருமுனைப் பழக்கடைக்குப் போனார்.

"எங்க அத்தான் தோட்டத்துல காய்க்குமே, அந்த மாதிரி சின்னதா, கருப்பா, விதையுள்ள திராட்சை ரெண்டு பெட்டி வேணும். கிடைக்குமா?"

பழக்கார அம்மாள் தராசை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தோட்டமாவது ஒண்ணாவது! அந்த ரெண்டு பெட்டியையும் உங்க அக்காதான் இங்க நின்னு பொறுக்கி எடுத்து, 'என் தம்பி ஒருத்தரையும் வீட்டுக்குள்ள விட மாட்டான், இத அவன் தலையில கட்டிட்டா நீங்க வாரத்துக்கு ரெண்டு தடவை வரலாம்'னு அந்த சார் கையில குடுத்தாங்க."