முதல் தகவல் அறிக்கையில் இலக்கிய நயம்

உலக இலக்கியத்துக்குக் காவல்துறை ஆற்றிய தொண்டு இன்னும் சரியாக எழுதப்படவில்லை. எழுதப்படும் நாளில், பாலத்தடி ஸ்டேஷன் ரைட்டருக்குத் தனி அத்தியாயமே ஒதுக்க வேண்டியிருக்கும்.

இருபத்திரண்டு வருஷமாகப் புகார் எழுதிய அவரை எல்லோரும் 'ரைட்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அது வெறும் பதவிப் பெயர் என்றே அவரும் நினைத்திருந்தார், மேலிடம் அவரைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பும் வரை.

பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கறுப்பு நிறத்தவர்களை மட்டுமே ஸ்டேஷன் பிடிக்கிறது என்று பத்திரிகைகள் கூச்சல் போட்டதால் வந்த முகாம் அது. மூன்று நாள், ஒரே நாவல். நிறத்தாலும் வறுமையாலும் குற்றவாளியாக்கப்பட்ட ஒருவனின் கதை. பாடம் நடத்திய பேராசிரியர் அதன் உத்திகளை விளக்க விளக்க, ரைட்டர் நோட்டை நிரப்பினார். முன்னுணர்த்தல், குறியீடு, எல்லாம் அறிந்த கதைசொல்லி. கடைசிப் பக்கத்தில் வாய்விட்டே அழுதார்.

அடுத்த வாரம், பள்ளிக்கூடத்துத் தையல் மெஷினைக் காணோம் என்று புகார். அங்கே வெள்ளையடித்தவன் அந்தப் பக்கத்துக்காரன், நல்ல கறுப்பு. வீட்டுக்கே போய்ப் பிடித்து வந்தார்கள். முன்பும் இப்படித்தான் பிடிப்பார்கள். இப்போது மனம் கனக்கக் கனக்கப் பிடித்தார்கள்.

சலவைக்கடையில் வேலை பார்க்கும் அவன் அக்கா ஈரக்கையோடு ஓடிவந்தாள். ரைட்டர் அறிக்கையைப் படித்துக் காட்டினார்.

"'அவன் வயிறு காலி. கைகள் அதைவிடக் காலி. வெள்ளைச் சுவரில் அவன் நிழல், வரப்போகும் குற்றத்தைப்போல நீண்டது.' எப்படிம்மா இருக்கு?"

"சார், மெஷின் காணாமப்போன அன்னைக்கு அவன் ஏணியிலேர்ந்து விழுந்து ஆஸ்பத்திரியில கெடந்தான். இதோ சீட்டு."

"விழுந்தானா? அடடா, வீழ்ச்சி! அருமையான குறியீடு." குறித்துக்கொண்டார்.

"கால் உடைஞ்சவன் மெஷினை எப்படி சார் தூக்குவான்?"

"அதாம்மா அவலம்."

"அவன் எடுத்ததை நீங்க பாத்தீங்களா?"

"எல்லாம் அறிந்த கதைசொல்லிக்குப் பாக்கணும்னு அவசியமில்லம்மா."

"அப்ப அவன் சொல்றதையாவது எழுதுங்க."

"'மௌனம் காத்தான்'னு எழுதிட்டேன். அவன் கத்தினதையெல்லாம் போட்டா உணர்ச்சி மிகையாயிடும்."

அக்கா லாக்கப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "சாப்பாடாவது குடுத்தீங்களா?"

"பசிதானே இதோட மையக்கருத்து! அதுல கை வைக்க முடியுமா?"

அறிக்கை மேலதிகாரி வரை போனது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மக்களோட வலியை நம்ம துறை இவ்வளவு ஆழமா உணர்ந்ததே இல்லை" என்று பாராட்டுச் சான்றிதழ் வழங்கினார்.

ஐந்தாம் நாள் தலைமையாசிரியை வந்தார். மெஷினை அவரேதான் ரிப்பேருக்கு அனுப்பினாராம், மறந்துவிட்டாராம். "உங்களுக்கு வீண் சிரமம், மன்னிச்சுக்குங்க" என்று ரைட்டரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தாள். "திருட்டே நடக்கலியே சார். தம்பியை விட்டுடுங்க!"

ரைட்டர் தவித்துப்போனார். சான்றிதழ் பெற்ற படைப்பு. அதைக் கிழித்தால் மேலதிகாரியின் கண்ணீருக்கு என்ன மரியாதை? வெகுநேரம் யோசித்து, கடைசிப் பத்தியை மட்டும் கோடு போட்டு அடித்தார். பிறகு கனிவோடு சொன்னார்:

"திருடினான்னு முடிக்கலம்மா. திருடலைன்னும் முடிக்கல. படிக்கிறவங்க கையிலயே விட்டுட்டேன். இதுக்குத் திறந்த முடிவுன்னு பேரு."

முடிவைத் திறந்தேதான் வைத்தார். லாக்கப்பைத்தான் திறக்கவில்லை.