தரேன் வாத்தியார் கொடுத்த வார்த்தை

ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு பயிற்சிக் கல்லூரி நடத்திய மனிதர் இந்தப் பூமியில் எங்கள் தரேன் வாத்தியார் ஒருவராகத்தான் இருக்க முடியும். கொழிஞ்சாம்பாறையில் என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் மேலே மாடியில் அவருடைய வகுப்பு. வாசலில் 'இத்தாலி மொழிப் பயிற்சி' என்று போர்டு. உள்ளே நடந்ததென்னவோ லத்தீன். இப்போது அந்த மாடியில் பல் டாக்டர் இருக்கிறார். வாத்தியார் சாந்தன்பாறைப் பக்கம் ஏதோ ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை பார்ப்பதாகக் கேள்வி. இங்கேயே இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.

பாதிரியார் ஆவதற்கென்று குருமடத்தில் பல வருஷம் படித்து, குருப்பட்டம் வாங்க வேண்டிய சமயத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டவர். கையில் மிச்சம் லத்தீன்தான். நர்ஸ் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் இத்தாலி போக நினைத்த பெண்கள் அவரிடம் வந்து சேர்ந்தார்கள்.

"ஏனுங்க சார், இத்தாலி பாஷை எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டால், "இத்தாலி மகளுங்க. லத்தீன் அம்மா. பொண்ணு பாக்கப் போனா மொதல்ல அம்மாகிட்டத்தானுங்க பேசோணும்" என்பார்.

அந்த அம்மாவிடமும் அவர் பேசியது ஒரே ஒரு சொல்லைத்தான். 'தரே.' கொடுப்பது என்று அர்த்தம். "நாம 'தரேன்'ங்கறோம். ரோமாபுரிக்காரன் கடைசி எழுத்தை முழுங்கிட்டான். அவ்வளவுதானுங்க வித்தியாசம்!" ஊர் அன்றைக்கே பெயர் வைத்துவிட்டது.

அந்தச் சொல்லைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கீழே என் மெஷின் சத்தம்கூடக் கேட்காது. "நாம முதுகைக் காட்டிட்டு ஓடறோம். ரோமாபுரிக்காரன் முதுகைக் குடுத்துட்டு ஓடறான். நம்மூர்ல தண்டனை குடுக்கறவன் ஜட்ஜு. லத்தீன்ல தண்டனை குடுக்கறவன் குத்தவாளி! கை குடுத்தா நமக்கு ஒத்தாசை. அவனுக்குச் சரணாகதி!"

கடைசியாகச் சொன்னதை வாழ்க்கையிலும் கடைப்பிடித்தார். பக்கத்தில் பேக்கரி திறப்பு விழாவுக்கு வந்த வார்டு மெம்பர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். வாத்தியார் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மன்னிக்கோணுங்க, நான் இன்னும் தோக்கலீங்க" என்றார். மெம்பர் அதற்கப்புறம் அந்தத் தெருவுக்கு ஓட்டுக் கேட்கக்கூட வரவில்லை.

ரோசலின் என்ற பெண்ணைக் கொச்சியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். இத்தாலிக்கார அம்மாள் பெயர் கேட்டிருக்கிறாள். ரோசலின் பயத்தில், "தோ, தாஸ், தத்" என்று 'கொடு'வின் எல்லா வடிவங்களையும் ஒப்பித்திருக்கிறாள். அந்த அம்மாள் பாவம், எதையோ கேட்கிறாள் என்று நினைத்து, தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாளாம். வேலை கிடைக்கவில்லை. அழுதுகொண்டு வந்தவளிடம் வாத்தியார் துள்ளிக் குதித்தார்: "பாத்தீங்களா அம்மிணி, புரிஞ்சிருக்குது!"

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் செலின் வந்தாள். வடகரப்பதிக்காரி, தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். தம்பி தங்கைகளைக் கரையேற்றியதில் அவளுக்குக் கல்யாணம் தள்ளிப்போயிருந்தது. வாத்தியாருக்கும் வயது நின்று காத்திருக்கவில்லை. வகுப்பு முடிந்த பிறகும் மாடியில் பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒருநாள் கீழே இறங்கி வந்து, முகமெல்லாம் சிவக்க, "தம்பி, செலினுக்கு வார்த்தை குடுத்துட்டனுங்க. ஞாயித்துக்கிழமை அவங்க அண்ணன்கிட்டப் பேசோணும், கூட வாங்க" என்றார்.

போனோம். தேய்த்த வெள்ளைச் சட்டை, பவுடர் பூச்சு. பஸ் வடகரப்பதியை நெருங்கியபோது, ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டார்.

"என்னாச்சுங்க சார்?"

"வாக்கியம் சரியா அமையலீங்க தம்பி. 'உங்க தங்கச்சியை எனக்குக் குடுங்க'ன்னா சாமான் கேக்கறாப்பல இருக்குது. 'நான் கட்டிக்கறேன்'ன்னா திமிராத் தெரியுது."

தென்னந்தோப்பு ஓரம் ஆளுக்கொரு இளநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். அங்கே செலின் வீட்டில் கோழி அடித்துக் குழம்பு வைத்துக் காத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அடுத்த ஞாயிறு மழை என்றார். அதற்கடுத்து தவக்காலம், கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்றார். தவக்காலமும் முடிந்தது.

ஒருநாள் நகலெடுத்த பாடத்தாள்களோடு மாடிக்குப் போனேன். வாத்தியார் உச்சத்தில் இருந்தார். "நம்மூர்ல வார்த்தை குடுத்தா அது சத்தியத்துக்குச் சமம். லத்தீன்ல ஒருத்தனுக்கு வார்த்தை குடுத்தா, அவனை ஏமாத்திட்டான்னு அர்த்தமுங்க! வெறும் வார்த்தையத்தான் குடுத்தான், வேறொண்ணும் குடுக்கலீன்னு!" அவரே சிரித்துக்கொண்டார்.

கடைசி பெஞ்சில் செலின் எழுந்தாள். குரல் உயரவில்லை.

"ஒரு சந்தேகமுங்க சார். எனக்கு ஒரு வார்த்தை குடுத்திருக்கீங்களே, அது தமிழ்லீங்களா, லத்தீன்லீங்களா?"

இலக்கணச் சந்தேகம் என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். வாத்தியார் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அவர் திரும்பிக்கொண்டு போர்டைத் துடைத்தார். எழுதாத இடத்தையும் துடைத்தார்.

எல்லோரும் போன பிறகு, "இன்னிக்கே போயிப் பேசிரலாமுங்க சார்" என்றேன்.

"குருமடத்துல இருந்து நான் ஏன் வந்தேன்னு தெரியுங்களா தம்பி? சாமிக்கு வார்த்தை குடுக்கற நாள் நெருங்குச்சு. குடுத்துட்டுக் காப்பாத்த முடியாமப் போச்சுன்னா என்ன பண்றது? அந்தப் பயந்தானுங்க. இன்னும் போகலை."

பயந்தவனைத் திட்டலாம். தன் பயத்தை இவ்வளவு தெளிவாகத் தெரிந்து வைத்திருப்பவனை என்ன செய்வது? பாடத்தாள்களை மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.

செலின் அதோடு கோயமுத்தூரில் நிஜமான இத்தாலி வகுப்புக்குப் போனாள். பரீட்சை எழுதித் தேறினாள். இத்தாலியில் படுத்த படுக்கையான ஒரு அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

புறப்படும் நாளன்று ஏர்ப்போர்ட் போகும் கார் என் கடை முன்னால் வந்து நின்றது. காரைப் பார்த்ததும், என்னோடு பேசிக்கொண்டிருந்த வாத்தியார் சட்டென்று ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். "இல்லீன்னு சொல்லிருங்க தம்பி" என்று கெஞ்சினார்.

செலின் இறங்கி வந்தாள். "சார் இல்லீங்களாண்ணா?"

"இல்லீங்களே."

மெஷினுக்குக் கீழே அவருடைய பாதங்கள் இரண்டும் நன்றாகத் தெரிந்தன. அவள் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தே, கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

"வந்தாருன்னா, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கண்ணா. எனக்கு அவரு மேல கோவமில்லீன்னும் சொல்லிருங்க. போயிட்டு வாரனுங்க."

கார் போய்விட்டது. வாத்தியார் எழுந்து வரவில்லை. மெஷினுக்குப் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் நின்றுகொண்டேன். அவராக வெளியே வருகிற வரைக்கும், வந்தவர்களிடமெல்லாம் மெஷின் ரிப்பேர் என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.