என் வேலைக்கு நானே அடித்த உத்தரவு

பயம் வந்தால் எனக்குக் கைகால் உதறாது. வேலை செய்ய ஆரம்பித்துவிடுவேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் முதலில் பீரோவை அடுக்குவேன். இது ஒரு வியாதி என்கிறார்கள் என் மகள்கள். (சொல்லட்டும். அந்த வியாதிதான் அவர்களைப் படிக்க வைத்தது.)

ஐம்பதுகளின் கடைசியில், பெங்களூரில் ஒரு சர்க்கார் ஆபீஸ். மொழிவாரிப் பிரிவினையில் மாநிலம் பெரிதானதும், புதிதாகச் சேர்ந்த ஜில்லாக்களிலிருந்து பழைய ஃபைல்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. அவற்றுக்குப் பட்டியல் டைப் செய்ய இரண்டு பேரைத் தற்காலிகமாக எடுத்தார்கள். லிங்கராஜபுரத்திலிருந்து நான், ஆனேக்கலிலிருந்து ருக்மணி. எங்கள் வீட்டில் அப்பா இல்லை. அம்மாவும் இரண்டு தம்பிகளும் என் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். வேகமாக முடித்தால் வேலை நிரந்தரமாகும் என்று யாரும் சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன்.

ஹெட் கிளார்க் நஞ்சுண்டய்யா தினமும் காலையில் என் மேஜையைத் தாண்டும்போது, "ஆயித்தா?" என்று கன்னடத்தில் கேட்பார். முடிந்ததா என்று அர்த்தம். பேச வேறு விஷயம் இல்லாத மனிதர், ஏதோ கேட்டு வைத்தார். எனக்கோ அது மிரட்டலாகக் கேட்கும். மதியச் சாப்பாட்டை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்காலிட்டபோதுகூட என் விரல்கள் பெஞ்சில் ஃபைல் நம்பர் அடித்துக்கொண்டிருந்தன.

ருக்மணி ஒரு பக்கம் அடித்தால் ஒரு காபி குடிப்பாள்.

"நிதானமா அடிடீ மேரி. ஃபைல் தீர்ந்துபோச்சுன்னா நம்ம கதி என்ன?"

பொறாமை என்று நினைத்தேன். (இருபது வயசு. மூளை முழுக்க விரலில் இருந்தது.)

ஆறு மாத வேலையை ஒன்பது வாரத்தில் முடித்தேன். அவள் பங்கையும் சேர்த்து. கடைசிப் பட்டியலை நஞ்சுண்டய்யா மேஜையில் வைத்துவிட்டுப் பாராட்டுக்காக நின்றேன்.

"எல்லாமா?" என்றார். முகம் வாடிவிட்டது. "வேலை இல்லேன்னா போஸ்ட் இல்லம்மா, ரூல்ஸ் அப்படி. ரெண்டு பேருக்கும் ரிலீவிங் ஆர்டர் கொடுக்கணும்." பிறகு தயங்கித் தயங்கி, "டைப் பண்ண உங்க ரெண்டு பேரை விட்டா வேற ஆள் இல்ல. உன்னோடதை நீயே அடிச்சுடேன்" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உட்கார்ந்து அடித்தேன். நாலே நிமிஷம், மூன்று கார்பன் காப்பி, ஒரு பிழை இல்லை.

"அடுத்தது ருக்மணிக்கு" என்றார்.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

"முடியாது சார். முடிச்சது நான். அவளை எதுக்கு அனுப்புறீங்க?"

"பின்ன யாரு அடிப்பா?"

"எனக்கென்ன தெரியும்? நான்தான் ரிலீவ் ஆயிட்டேனே."

மெஷினை உறை போட்டு மூடிவிட்டு, டிபன் பாக்ஸோடு வெளியே வந்தேன். பஸ்ஸில் வழி முழுக்க அழுதேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்றுதான் அழுதேனே தவிர, அவரிடம் அப்படிச் சொன்னதற்காக அழவில்லை.

அதற்குப் பிறகு மூன்று கம்பெனிகளில் வேலை பார்த்தேன். அங்கெல்லாம் அதே பயம், அதே வேகம். யாருக்காகவும் ஒரு விரலைக்கூட மெதுவாக்கவில்லை.

ருக்மணி? அவள் ஆர்டரை அவளையே அடிக்கச் சொன்னாராம் நஞ்சுண்டய்யா. "அடிக்கிறேன் சார்" என்றாளாம். அவள் அதை அடித்து முடிப்பதற்குள் புது மூட்டைகள் வந்துவிட்டன. அதே ஆபீஸில் பென்ஷனோடு ரிட்டயரானாள்.

இன்றைக்கும் நான் எதையாவது அவசரப்படுத்தினால் என் மகள்கள் நகர மாட்டார்கள்.

"ருக்மணி ஆன்ட்டி அந்த ஆர்டரை முடிக்கட்டும்மா, உடனே செஞ்சிடறோம்."