பன்னிருகிளைக் கொம்பன் முகந்திருப்புப் படலம்

வாழ்க எவர்ட் நூர்லோஃப்! இருபத்தேழு இலையுதிர்காலம் ஈரக் காலுறையோடு சதுப்பில் குந்தியிருந்து, இருபத்தேழு முறையும் தான் ஒன்றும் சுடாமல், பிறர் சாய்த்த மூஸ் என்னும் காட்டுமான்களின் வயிற்றைக் கிழித்துக் குடல் களைந்து கொடுத்தே பெயரெடுத்த கூர்ங்கத்திக் கையனே, இருபத்தெட்டாம் ஆண்டில் பன்னிரு கிளை விரித்த கொம்புடைப் பெருவிலங்கை ஒற்றைத் தோட்டாவில் மண்ணுறச் செய்த வடபனி நாட்டு யெம்த்லாந்துச் சிங்கமே, வாழ்க! பனி பூக்கும் ஏரிகளே, ஊசியிலைக் காடுகளே, சும்மா நிற்காமல் கொஞ்சம் செவி கொடுங்கள். எனக்குப் பெரிய படிப்பில்லை; கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறேன். அளவு நாடா பொய் சொல்லும், வேட்டைக்காரன் அதைவிடப் பெரிதாய்ச் சொல்லுவான். ஆதலால் அந்தக் கொம்பின் அகலத்தை நான் சொல்லப்போவதில்லை.

எங்கள் வேட்டைக் குழுவில் பதினொரு துப்பாக்கி. இறைச்சி பதினொருவருக்கும் சீட்டுப் போட்டுப் பங்கு. கொம்பும் தலையும் சுட்டவனுக்கு மட்டும். பத்து வீட்டுச் சுவரில் பாடம் செய்த தலை உண்டு. எவர்ட் வீட்டுச் சுவரில் நாட்காட்டி உண்டு. அவன் மனைவி குன்வோரின் தம்பி ஆல்கோட்டுக்கு மூன்று தலைகள். அவன் வரும்போதெல்லாம் கோட்டைக் கழற்றும் முன்பே, "என்ன மச்சான், சுவரு இன்னும் குளிருதா?" என்று கேட்பான். அந்தச் சொல் இருபத்தேழு ஆண்டாய் நெஞ்சில் தைத்த முள். அதைப் பிடுங்கத்தான் அந்தச் சனிக்கிழமை காலை நம் வீரன், கொம்பைத் தோளிலும் மனைவியைப் பக்கத்திலுமாக, விலங்குகளைப் பாடம் செய்யும் சிக்ஸ்டனின் கடைக்குள் படையெடுத்துப் புகுந்தான்.

பழைய பால் கொட்டகைதான் கடை. நரியும் காட்டுக்கோழியும் மரநாயும் அலமாரியெங்கும் அணிவகுத்து, இமையாக் கண்ணாடி விழிகளால் களத்தை நோக்கி நின்றன. சிக்ஸ்டன் கண் விற்றுப் பிழைப்பவன். எனக்கு அவன்மேல் நம்பிக்கை கிடையாது. நரித்தோல் ஒன்றைத் திரும்ப வாங்கப் போனவன், சண்டை வாசனை அடித்ததால் மூலையில் உட்கார்ந்துவிட்டேன். எவர்ட் முன்பே கொடுத்து உறைபெட்டியில் வைத்திருந்த மூஸின் தலைத்தோல், சுருட்டிய சாக்கோடு மேசைமேல் இளகிக்கொண்டிருந்தது. மூக்கு மட்டும் வெளியே நீட்டியிருந்தது.

"தலை எந்தப் பக்கம் பாக்கணும்ண்ணே? எடமா, வலமா, நேராவா? அதுக்குத் தக்கன, தோலுக்கு உள்ள வைக்கிற வார்ப்பு வரவழைக்கணும்" என்றான் சிக்ஸ்டன்.

எழுந்தது போர்!

"என் நாற்காலியப் பாக்கணும். சுட்டவன் நானு."

"உன் நாற்காலிய ஒட்டித்தானய்யா என் நாற்காலி கெடக்கு? நான் காப்பி குடிக்கையில என் பன்னையே பாத்துக்கிட்டு நிக்குமா? ஜன்னலப் பாக்கட்டும்."

"ஜன்னலுக்கு அந்தாண்ட என்னடி இருக்கு? உன் தம்பி வீடு!"

"பாக்கட்டுமே. அவன் வீட்டு மூணும் நம்ம வீட்டத்தான மொறைக்குது."

ஆகா, கார்முகில் இரண்டு மோதினாற்போலவும், வசந்தத்தில் ஏரிப்பனி வெடித்தாற்போலவும், இடப்பக்கமென்று அவன் இடிக்க, வலப்பக்கமென்று அவள் மின்ன, கைப்பையாகிய தூணியிலிருந்து அளவு நாடாவாகிய நாகாஸ்திரத்தை உருவி, சுவரிலிருந்து மூக்கு எவ்வளவு நீளும், சோஃபாவில் உட்காருகிற மனிதர் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவள் முழங்க, அவன் தன் இருபத்தேழு ஆண்டுச் சதுப்பையும் மூட்டுவலியையும் ஒவ்வொன்றாய்க் கணையாக்கி எய்ய, அவள் கொண்டுவந்த முதல் குடுவைக் காப்பி தீர்ந்து, இரண்டாம் குடுவை தீர்ந்து, இலவங்கப்பட்டை பன்கள் ஒன்றொழியாமல் களப்பலியாயின. நடுவில் மாட்டிய சிக்ஸ்டன், நேராய்ப் பார்க்கட்டுமே என்று ஒருமுறை வாய் திறந்தான்; இருவரும் சேர்ந்து பார்த்த பார்வையில் அவனும் அலமாரியில் ஒருவனாய் உறைந்தான்.

அப்போது குன்வோர் ஒன்றைக் கண்டாள். வாய் கத்திக்கொண்டிருக்க, எவர்ட்டின் கட்டைவிரல் தன்னையறியாமல் மூஸின் ஈர மூக்கு மயிரைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் பேசாமல் வந்து அடுப்பருகே காலுறையைக் காயப்போட்ட கை அது. அவள் நாடாவைச் சுருட்டினாள்.

"சரிய்யா. உன்னையே பாக்கட்டும். நான் நாற்காலிய மாத்திப் போட்டுக்கிறேன்."

முரசு அறைக! சங்கு ஊதுக! வெற்றித் திருமகள் மாலையோடு வாசல்வரை வந்துவிட்டாள். நம் வீரன் நெஞ்சு விரிந்து, தொப்பியைக் கழற்றி, "எடப்பக்கம்!" என்று திக்கெட்டும் அதிர ஆணையிட்டான்.

சிக்ஸ்டன் இளகிய தோலை விரித்தான். கழுத்துப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, தொண்டைய யாரு அறுத்தது?"

தலையைப் பாடம் செய்வதானால் பிடரிப் பக்கம் கீற வேண்டும். தொண்டையில் கத்தியே படக்கூடாது. தலை கிடைத்த பத்துப் பேருக்கும் அது தெரியும். இருபத்தேழு ஆண்டு பிறர் மூஸை இறைச்சிக்காகக் கிழித்த அந்தப் புகழ்பெற்ற கை, தன் மூஸையும் அதே பழக்கத்தில், அதே வேகத்தில், நெஞ்சிலிருந்து தாடைவரை ஒரே இழுப்பில் திறந்துவிட்டிருந்தது.

"தச்சிர முடியாதா சிக்ஸ்டன்?" அந்தத் தலை தன் பன்னைப் பார்க்கக்கூடாதென்று காலைமுதல் போராடியவள்தான் கேட்டாள்.

"தைக்கலாம்க்கா. கோட்டு ஜிப்பு மாதிரி தெரியும். வேற தோலு ஒண்ணு உள்ள கெடக்கு, இந்தக் கொம்புக்கு அளவாப் பொருந்தும். போன வருசம் உங்க தம்பி கொம்ப மட்டும் எடுத்துக்கிட்டு விட்டுட்டுப் போனது."

வீரன் நிமிர்ந்தான். அலமாரி நடுங்கிற்று, காட்டுக்கோழியின் இறகொன்று உதிர்ந்தது.

"ஆல்கோட்டு மூஸோட மூஞ்சியா? என் கொம்புக்குக் கீழயா? அது தெனமும் என்னையே பாத்துக்கிட்டு இருக்கவா? பலகையில கொம்ப மட்டும் நானே அடிச்சிக்கிறேன்!"

இவ்வாறு அறைகூவி, தோலாத் தோலையும் தோற்ற தொண்டையையும் மேசையிலேயே துறந்து, பன்னிரு கிளையும் கதவில் இடித்துக் கீறப் புறம்போந்த அப்பெருந்தகையின் பின்னே, இரண்டு காலிக் குடுவைகளையும் ஏந்தி நடந்தாள் குன்வோர்; ஏரியும் காடும் இருவருக்கும் வழிவிட்டு ஒதுங்கின.

கொம்பு இப்போது அடுப்புக்கு மேலே இருக்கிறது, காலுறை காயப்போட வசதியாய் இருக்கிறதாம்.