எழுத்தில்லாமல் மூன்று நாள்

திங்கட்கிழமை மாலை ஏழேகால் மணிக்கு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி இந்த வீட்டுத் தொலைக்காட்சியில் எழுத்து ஓடக் கூடாது.

திரையின் அடியில் ஓடுகிற எழுத்தைத்தான் சொன்னார். ஒருத்தி வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லப்போவதை அது சொல்லிவிடுகிறது. கதவைச் சாத்தினால் 'கதவு சாத்தப்படுகிறது' என்கிறது. போன வாரம் ஒருவன் செத்துக் கிடந்தபோது 'சோக இசை' என்று போட்டது. அழுவதா படிப்பதா என்று தெரியாமல் அன்று அவர் படித்துவிட்டார். பிறகு அழுகை வரவில்லை.

ஆனால் அவருடைய கோபம் எழுத்தின்மேல் இல்லை. அதைப் போட்டுவைத்தவள்மேல். ஒரு வருடத்துக்கு முன் ஒருநாள் வேலை விட்டு வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது. எதற்கு என்று கேட்டதற்கு, "எனக்குத்தான்" என்றாள் மனைவி. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள், படித்துப் படித்துப் பழகிவிட்டது போலும் என்று அவரும் விட்டுவிட்டார். நேற்றுத்தான் உண்மை வெளியே வந்தது. "உங்களுக்காகத்தான் போட்டேன். காது டாக்டரைப் பாருங்கன்னு ஒரு வருஷமா சொல்றேன், அது உங்க காதுல விழுந்தாத்தானே."

அவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் அவருக்கு ஸ்டெதஸ்கோப் என்று பெயர். ஒரு லிஃப்ட் முனகினால் மற்றவர்கள் மூடியைக் கழற்றுவார்கள். அவர் மோட்டாரின்மேல் காதை வைப்பார். கண்ணை மூடுவார். "மேல் பேரிங். ரெண்டு மாசம் தாங்கும்," என்பார். இரண்டு மாதம்தான் தாங்கும். சமீபமாகக் காதோடு உள்ளங்கையையும் சேர்த்து வைத்தார். கை காதுக்கு ஒரு ஒத்தாசை என்று நினைத்தார். இப்படிப்பட்டவர் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனால், ஸ்டெதஸ்கோப்புக்கே ஸ்டெதஸ்கோப்பா என்று கேட்பார்கள். பிறகு யாரும் அவரை மோட்டார் பக்கம் கூப்பிட மாட்டார்கள்.

அவரைப் பொறுத்தவரை அவர் காதில் ஒரு குறையும் இல்லை. உலகம்தான் முனக ஆரம்பித்திருந்தது. மேலாளர் முனகினார். போனில் பேசுகிறவர்கள் முனகினார்கள். நடிகர்கள் முனகுவதற்குச் சம்பளமே வாங்கினார்கள். மனைவி ஒருத்திதான் ஒழுங்காகப் பேசினாள். பகல் முழுக்க மற்றவர்களைச் சத்தம் போடாதே என்று சொல்லிவிட்டு வருகிற அந்தப் பெண், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரலைத் தூக்கிக்கொள்வாள்.

"மூணு நாள்," என்றார் அவர். "எழுத்து இல்லாம. தினம் ஒரு பகுதி பார்ப்போம். முடிஞ்சதும் நான் கதையைச் சொல்றேன். தப்பா சொன்னா நீ சொல்ற டாக்டர்கிட்ட வர்றேன்."

"சரியா சொல்லிட்டா?"

"காதுங்கிற பேச்சே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது."

"கம்மல் வாங்கணும்னாகூடவா?"

"கம்மல் வாங்கலாம்."

"சரி," என்றாள்.

இருபத்திரண்டு வருடத்தில் அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் சரி சொன்னது இதுதான் முதல் தடவை. அதை அவர் தன் வெற்றியின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ரிமோட்டை எடுத்தார்.

"நிறுத்தித் தரவா?"

"மோட்டாரையே நிறுத்துறவன் நான்."

நாலைந்து இடத்தில் அழுத்தியபின் திரையில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. இரண்டு வரிசை. இரண்டிலும் ஒவ்வொரு குறி. மூக்குக்கண்ணாடி வேலைப் பையில் இருந்தது. எழுந்துபோய் எடுத்தால் அது ஒரு மாதிரித் தோல்வி. வலது வரிசையில் குறியைக் கடைசி வரிக்கு நகர்த்தினார். அடியிலிருந்த எழுத்து மறைந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் தொழில் அப்படி இல்லை. மின் இணைப்பைத் துண்டித்தால் இரண்டு பக்கமும் துண்டிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் துண்டித்துவிட்டுக் கை வைத்த ஒருவர் பத்தடி தள்ளிப் போய் விழுந்ததை அவர் பார்த்திருக்கிறார். அதனால் இடது வரிசையிலும் குறியைக் கடைசி வரிக்குக் கொண்டுபோனார். பட்டியலை மூடினார். ரிமோட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மணி ஏழரை. தொடர் ஆரம்பித்தது. ஒரு துறைமுகக் குடும்பத்தின் கதை. நாலு பகுதி ஏற்கெனவே எழுத்தோடு பார்த்தாயிற்று. அண்ணன், தங்கை, ஒரு வக்கீல், ஒரு பழைய கப்பல். தங்கை கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு ஏதோ சொன்னாள்.

மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒரு நீதிபதியின் நிதானம் இருந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்லை. பேசறது புரியுதா?"

"தெளிவா."

"ஒவ்வொரு வார்த்தையும்?"

"உச்சரிப்பு முதற்கொண்டு."

அவள் போனை எடுத்து எதையோ தட்டினாள். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மடிக்கவேண்டிய துணிகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

அவருக்கு எல்லாம் வழக்கம்போல முனகலாகத்தான் இருந்தது. ஆனால் முகம் தெரிந்தது, கை அசைவு தெரிந்தது. இருபத்தாறு வருடம் பேசாத எந்திரங்களிடம் விஷயத்தைக் கறந்தவருக்கு மனிதர்கள் எம்மாத்திரம்.

"அண்ணன்காரன் கப்பலை விக்கப் போறான்," என்றார் முடிந்ததும். "தங்கச்சி வேணாங்கிறா."

"ஏன் வேணாங்கிறா?"

"அப்பா ஞாபகம்."

"அப்படியா சொன்னா?"

"தொண்டை அடைக்கச் சொன்னாளே. நீ கவனிக்கலையா?"

"இல்லைங்க. துணி மடிச்சிட்டிருந்தேன்," என்று ஒரு போர்வையை முகத்துக்கு நேரே விரித்தாள். அதை மடிக்க வெகுநேரம் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை வக்கீல் எட்டு நிமிடம் விடாமல் பேசினார். அவ்வளவு நேரம் ஒரு மனிதன் உட்கார்ந்த இடத்தில் பேசினால் அதற்கு முகமும் கிடையாது, கையும் கிடையாது.

"வக்கீல் என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"சட்டப்படி செல்லாதுன்னார்."

"எது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எல்லாமே."

"பாவம் அந்தப் பொண்ணு."

"அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. அவளுக்கும் வக்கீலுக்கும் ஒரு இது இருக்கு."

"அதையும் சொன்னாங்களா?"

"சொல்லலை. தொனியில தெரிஞ்சது."

புதன்கிழமை காலை ஓர் ஒன்பது மாடிக் கட்டடத்தில் வேலை. அவர் லிஃப்ட் பெட்டியின் மேல் நின்றிருந்தார். கூட வேலை செய்பவர் கீழே குழியில் இருந்தார். பெட்டியை இறக்கலாமா என்று கேட்டுவிட்டு இவர் பொத்தானில் விரலை வைத்தார். பதில் வரவில்லை, வராவிட்டால் சரி என்றுதான் அர்த்தம் என்று நினைத்தார். அப்போது பெட்டி பிடித்து ஓடுகிற வழிகாட்டிக் கம்பி அதிர்ந்தது கையில் தெரிந்தது. கீழே இருந்தவர் ஸ்பேனரால் அதை அடித்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தபோது அவர் வாய் அகலத் திறந்திருந்தது. மூன்று தடவை கத்தினாராம், இறக்காதே என்று.

"காத்து அதிகம்," என்றார் இவர்.

"உள்ளே ஏதுண்ணே காத்து," என்றார் மேலே ஏறி வந்தவர். வேறொன்றும் கேட்கவில்லை. டீ குடிக்கும்போது இவருக்கு எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார். அது இவருக்கு அந்த அதிர்வைவிடக் கஷ்டமாக இருந்தது. வீட்டில் இதைச் சொல்லவில்லை.

அன்று மாலை மைத்துனன் வந்திருந்தான். மனைவியின் தம்பி, மருந்துக் கடையில் வேலை. தொடர் ஆரம்பித்து ஒரு நிமிடத்தில் அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"கதை புரியலையா மாப்ளே?" என்றார் இவர். "நடுவுல வந்தா அப்படித்தான்."

"உங்களுக்குப் புரியுதா மாமா?"

"ஒரு வார்த்தை விடலை."

"அப்ப சொல்லுங்க மாமா, இப்ப அந்த அம்மா என்ன சொல்லிச்சு?"

"கப்பல்ல கால் வச்சா என் பொணத்து மேலதான் வைக்கணும்னு சொல்லுது."

"சிரிச்சிட்டே சொல்லுதே மாமா."

"விரக்தியில சிரிக்கிறா."

மைத்துனன் தண்ணீர் குடிக்கிறேன் என்று சமையலறைக்குப் போனான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. பகுதி முடிந்தது. இவர் எழுந்து நின்று, கப்பல், அப்பா, விரக்தி, வக்கீல் என்று ஒன்றுவிடாமல் கதையைச் சொல்லி முடித்தார். மூன்று நாளில் அது நன்றாக வளர்ந்திருந்தது.

"அவ்வளவுதான்," என்றார். "இனி அந்தப் பேச்சு கிடையாது."

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரிமோட்டை இப்படிக் கொடுங்க," என்றாள் மனைவி.

பட்டியலை விரித்தாள். வலது வரிசைக்கு மேலே 'எழுத்து' என்று இருந்தது. இடது வரிசைக்கு மேலே 'ஒலி' என்று இருந்தது. அதற்குக் கீழே வரிசையாக மொழிகள். குறி கடைசி வரியில் நின்றது.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "இது எந்த ஊர் பாஷை?"

"எனக்கும் தெரியலைங்க. மூணு நாளா அதுலதான் பேசிட்டிருக்காங்க."

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது.

"நீ மாத்தி வச்சிருப்பே," என்றார்.

"ரிமோட் உங்க சட்டைப் பையிலதானே இருந்துச்சு. குளிக்கப் போகும்போதுகூடக் கொடுக்கலையே."

"அப்ப நீயும் புரியாமத்தானே பார்த்தே. நான் சொன்னது தப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரமே முழுசாப் பார்த்துட்டேன். மத்தியான இடைவேளையில, போன்ல. அண்ணன் கப்பலை விக்கலைங்க, வாங்கறான். வக்கீல் அந்தப் பொண்ணோட சித்தப்பா." பிறகு குரலைத் தாழ்த்தினாள், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னதால் அவருக்குப் புரிந்தது. "ஆனா உங்க கதைதான் எனக்குப் பிடிச்சுது."

அவர் உட்கார்ந்தார். குழியிலிருந்து மேலே பார்த்த அந்தத் திறந்த வாய் ஞாபகத்துக்கு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எப்போ போகணும்?"

"நாளைக்குக் காலையில பத்தரைக்கு மாமா," என்றான் மைத்துனன். "நேரம் வாங்கியாச்சு."

"அதுக்குள்ளேயா? இப்பத்தானே தோத்தேன்."

மைத்துனன் தயங்கினான். அக்கா தலையசைத்தாள்.

"திங்கட்கிழமையே வாங்கிட்டேன் மாமா. ஏழு முப்பத்தொண்ணுக்கு அக்கா மெசேஜ் போட்டா."